ஜவ்வு தேய்ந்துவிட்டால் ஊசி போட்டு வளர்க்க முடியுமா?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். நான் பிசியோதெரபிஸ்ட்; என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு முட்டிதான் பிரச்சினை. அவர் கையில் எம்.ஆர்.ஐ. கவர், கவருக்குள் ஒரு விளம்பரத் தாள். "தம்பி, ஜவ்வு தேஞ்சுபோச்சாம். ஒரு இடத்துல கிழிஞ்சும் இருக்காம். அதான் வலிக்குதாம். ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டா ஜவ்வு திரும்ப வளந்துரும்னு போட்டிருக்கு. போட்டுக்கலாமா?"

டீச்சர் தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் சொன்னார். ஆனால் 'ஜவ்வு', 'அதான் வலிக்குது', 'வளந்துரும்' என்ற மூன்றும் தளர்வான சொற்கள். நோயாளிகள் மட்டுமல்ல, நாங்களும் அவசரத்தில் அப்படித்தான் பேசுகிறோம். அந்தத் தளர்வுக்குள்தான் விளம்பரக்காரர்கள் நுழைந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஜவ்வு என்பது மூன்று பொருள்

கோழிக்காலைக் கடித்து முடித்ததும் எலும்பின் முனையைப் பாருங்கள். வெள்ளையாக, வழவழப்பாக, லேசாக நீலம் பாய்ந்த மாதிரி ஒரு பூச்சு இருக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முட்டியிலும் தொடை எலும்பின் அடிமுனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, முட்டிச் சில்லின் உள்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் இந்தப் பூச்சு இருக்கிறது. கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்தான். சில்லின் பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமன். 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது மெனிஸ்கஸ். உருண்டை அடியுள்ள மண்பானையைச் சமதரையில் அப்படியே வைத்தால் நிற்காது, உருளும். அதற்காகத்தானே பாட்டிமார்கள் வைக்கோல் பிரிமணை வைத்தார்கள். தொடை எலும்பின் அடிமுனையும் உருண்டை. கீழ்க்கால் எலும்பின் மேல்பக்கம் ஏறக்குறைய சமதளம். நடுவில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிறை வடிவத்தில் இரண்டு பிரிமணைகள் இருக்கின்றன. இவை எடையைப் பரப்பிவிடும், அதிர்ச்சியைத் தாங்கும். 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்றால் பெரும்பாலும் இது.

மூன்றாவது லிகமென்ட், தமிழில் தசைநார். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் கயிறு. பந்தல்காலை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவது போல முட்டியையும் முக்கியமாக நாலு கயிறுகள் பிடித்திருக்கின்றன. கபடியில் கால் ஊன்றியபடி உடம்பு திரும்பிவிட்டால் 'டப்' என்று சத்தம் கேட்டு அறுவது இதில் ஒன்று. அதையும் நாம் 'ஜவ்வு அறுந்துபோச்சு' என்றுதான் சொல்கிறோம்.

பூச்சு, பிரிமணை, கயிறு. மூன்றுக்கும் அமைப்பு வேறு, கெடும் விதம் வேறு, ஆறும் திறனும் வேறு. இனி யாராவது 'ஜவ்வு' என்றால், எந்த ஜவ்வு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் கேட்கலாம், தப்பில்லை.

வலிப்பது எது?

பூச்சு தேய்ந்தால் வலிக்கும், அதிகம் தேய்ந்தால் அதிகம் வலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதைக் குத்தினாலும் சீவினாலும் அதற்குத் தெரியாது.

இதைத் தன் காலிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து எதுவும் செலுத்தாமல் தன் முட்டிக்குள் கேமராக் குழாயை விடச் சொன்னார். தோலை மட்டும் மரக்கச் செய்தார்கள். சக மருத்துவர் உள்ளே ஒவ்வொரு பாகமாகக் கம்பியால் தொட்டு அழுத்த, இவர் விழித்தபடியே 'இங்கே ஒன்றும் இல்லை', 'இங்கே உயிர் போகிறது' என்று சொல்லிக்கொண்டு வந்தார். 1998இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது எதுவும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் ஏற்கெனவே சேதமாகித்தான் இருந்தது. ஆனால் மூட்டின் உள்பக்கத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையையும், சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டதும் தாங்க முடியாத வலி.

அந்த உறைக்குச் சைனோவியம் என்று பெயர். முட்டிக்குத் தேவையான மசகுத் திரவத்தைச் சுரப்பது இதுதான். ('கிரீஸ் தீர்ந்துபோச்சு' என்பார்களே, அந்தக் கிரீஸ். நல்ல முட்டியிலேயே அது சில மில்லிலிட்டர்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது.) குருத்தெலும்பு உதிர்ந்து துகள்கள் மிதக்கும்போது இந்த உறை எரிச்சலடைந்து வீங்குகிறது. அப்போது வலிக்கிறது, நீர் கோத்துக்கொள்கிறது. பூச்சு போன இடத்தில் அடியில் உள்ள எலும்பு கூடுதல் சுமை வாங்குகிறது. எலும்பில் நரம்பு உண்டு, ஆக அதுவும் வலிக்கும். மெனிஸ்கஸின் வெளி ஓரத்திலும் நரம்பு உண்டு. தொடைத் தசை பலவீனமானால் இவை எல்லாவற்றின் மேலும் இடி விழும்.

அதனால்தான் ஸ்கேனும் வலியும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 வயது தாண்டிய 991 பேருக்கு, முட்டி வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ பிடிப்போ இருக்கவே இல்லை. நடு வயதுக்குப் பிறகு மெனிஸ்கஸில் வரும் பிசிறல் பலருக்கு நரை மாதிரிதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தேய்வது குருத்தெலும்பு, வலிப்பது அதைச் சுற்றியுள்ளவை. இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முட்டி ஏன் கெடுகிறது

'தேய்மானம்' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் தடம் மாற்றிவிடுகிறது. செருப்பு தேய்வது போல, நடக்க நடக்கத் தேயும் என்று நினைத்து நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். குருத்தெலும்பு ரப்பர் அல்ல, உயிருள்ள பஞ்சு. அதன் எடையில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் தண்ணீர்தான். கால் ஊன்றும்போது அமுங்கித் திரவத்தை வெளியே தள்ளுகிறது, தூக்கும்போது உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உறிஞ்சலில்தான் அதற்குச் சாப்பாடே போகிறது. நடக்காத முட்டி பட்டினி கிடக்கிற முட்டி.

சரி, அப்புறம் எதனால் கெடுகிறது? வயது, பரம்பரை, கால் வளைவு ஆகிய மூன்றிலும் நாம் செய்வதற்கு அதிகம் இல்லை. பழைய காயம் ஒரு பெரிய காரணம்: இளவயதில் முன் சிலுவைத் தசைநார் (முட்டியின் நாலு கயிறுகளில் ஒன்று, கபடியில் 'டப்' என்று அறுவது) அறுந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் வந்துவிடுகின்றன. நாற்பது வயதில் முட்டி போனவரிடம் 'காலேஜ்ல என்ன விளையாடினீங்க?' என்று நான் கேட்பது அதனால்தான்.

அடுத்தது உடல் எடை. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் அழுத்தம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. பருமனான, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து அளந்து பார்த்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிச் சுமை நாலு கிலோ குறைவதாகத் தெரிந்தது. ஒரு நாளைக்கு 5000 அடி நடப்பவர் என்றால் ஒரு முட்டிக்கு 2500 அடி. நாலால் பெருக்குங்கள்: பத்தாயிரம் கிலோ. ஒரு கிலோ குறைத்ததற்கு ஒரு நாளில் ஒரு முட்டிக்குப் பத்து டன் மிச்சம்.

எடை செய்யும் கெடுதல் சுமையோடு நிற்பதில்லை. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. அழற்சி என்றால் உடம்பு ஒரு சேதத்தை எதிர்த்து இறங்கும்போது வரும் சிவப்பு, சூடு, வீக்கம், வலி. யாரும் கையால் நடப்பதில்லை. ஆனாலும் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது என்பது இதற்குச் சாட்சி.

முட்டி வலி எல்லாமே தேய்மானம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. யூரிக் அமிலம் படிந்து வரும் கௌட், உடம்பே தன் மூட்டைத் தாக்கும் முடக்குவாதம், சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் இழுக்கும் வலி (2006இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது ஊர் ஊராகப் பார்த்தோம்), இடுப்பு மூட்டில் கோளாறு இருந்து முட்டியில் தெரியும் வலி என்று வேறு பலவும் உண்டு. முட்டி சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அல்லது பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டால், அல்லது விழுந்த பிறகு காலே ஊன்ற முடியாவிட்டால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சொடக்குச் சத்தத்தைப் பற்றிப் பலர் பயந்து கேட்பார்கள். வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் என்றால் கண்டுகொள்ள வேண்டாம்.

விரல் வெட்டு ஆறுகிறது, இது ஏன் ஆறவில்லை?

காய் நறுக்கும்போது விரலில் வெட்டு விழுந்தால் ஒரு வாரத்தில் மூடிவிடுகிறது. எலும்பு முறிந்தால் ஆறு வாரம், எட்டு வாரத்தில் சேர்கிறது. இரண்டிலும் பழுது பார்க்கும் ஆட்களும் சாமான்களும் இரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாயே கிடையாது. வெள்ளத்தில் சாலை அறுந்த ஊருக்கு நிவாரண வண்டி எப்படிப் போகும்? உள்ளே இருக்கும் செல்களும் மிகக் குறைவு. மொத்தக் கன அளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. அவையும் ஆளுக்கொரு குழியில் அடைபட்டு உட்கார்ந்திருக்கின்றன. சேதமான இடத்துக்கு நகர்ந்து போக முடியாது.

கெட்டுப்போன குருத்தெலும்பு மீண்டு வருவதில்லை என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743இலேயே லண்டனில் எழுதிவிட்டார். அதை உறுதி செய்த விதம்தான் விசித்திரம். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டு சோதனைகள் நடத்தியதில் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறிப்போனது. பயிர் வழியாக, சாப்பாடு வழியாக அது எல்லார் உடம்புக்குள்ளும் போனது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டுக் காற்றின் முத்திரை அதில் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் முட்டிக் குருத்தெலும்பில் அந்த முத்திரையைப் படித்தார்கள், 2016இல் வெளியிட்டார்கள். குருத்தெலும்பின் சட்டகமான கொலாஜன் என்ற புரதநார் வளரும் வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது; அதற்கப்புறம் புதுப்பிக்கப்படுவது இல்லை என்றே சொல்லலாம். தேய்மானம் வந்த முட்டியிலும் அதே நிலைதான். பத்தாம் வகுப்பு படிக்கும்போது இருந்த அதே நாரில்தான் டீச்சர் இன்றும் நிற்கிறார்.

மெனிஸ்கஸ் கதை சற்று வேறு. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் இரத்தம் வருகிறது. அங்கே விழுந்த கிழிசல் ஆற வாய்ப்பு உண்டு, உள் ஓரத்தில் கஷ்டம்.

சுருக்கம் இவ்வளவுதான்: குருத்தெலும்புக்குச் சாலையும் இல்லை, ஆளும் இல்லை. அதை வளர வைக்கிறேன் என்று சொல்பவர் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

'ரீஜெனரேடிவ்' ஊசிகள்

ரீஜெனரேடிவ் சிகிச்சை என்றால் மீளுருவாக்கும் சிகிச்சை. அழிந்த திசுவைத் திரும்ப உண்டாக்குவது என்று பொருள். நோக்கம் அது. பெயரில் நோக்கம் இருப்பதாலேயே விளைவும் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

முதலில் இரண்டு ஊசிகளை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். ஸ்டீராய்டு ஊசி அழற்சியை அடக்கும். வலி சில வாரங்கள் நன்றாகக் குறையும், எதையும் வளர்க்காது. மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த, 2017இல் வெளியான சோதனையில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. வலியிலோ வித்தியாசம் இல்லை. அவசரத்துக்கு ஒன்று சரி, வாடிக்கையாகக் கூடாது. அடுத்தது ஜெல் ஊசி, அதாவது ஹயலுரானிக் அமிலம். மசகுத் திரவத்தில் இயற்கையாகவே உள்ள பொருள். ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள், இப்போதும் சில தயாரிப்புகள் அப்படி வருகின்றன. இதனால் வரும் நிவாரணம் சராசரியில் மிகச் சிறியது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதுவும் வளர்ப்பு அல்ல. எண்ணெய் விடுகிற வேலை.

இப்போது பி.ஆர்.பி. ஊசி. தட்டணுக்கள் செறிந்த இரத்தநீர் என்பது அதன் பொருள். உங்கள் கையிலிருந்தே இரத்தம் எடுப்பார்கள். கலங்கிய ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மண் கீழே இறங்கித் தெளிவு மேலே நிற்குமே, அதையே ஓர் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றிச் சில நிமிடங்களில் செய்வார்கள். சிவப்பணுக்கள் அடியில் போக, வைக்கோல் நிறத் திரவம் மேலே நிற்கும். அதில் தட்டணுக்கள் சாதாரண இரத்தத்தைவிடச் சில மடங்கு செறிவாக இருக்கும். காயம் பட்டதும் இரத்தத்தை உறைய வைக்க முதலில் ஓடி வருபவை தட்டணுக்கள். வந்ததும் 'வாங்கப்பா, வேலை இருக்கு' என்று மற்ற செல்களைக் கூப்பிடும் புரதங்களை விடுகின்றன. அவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். சாலை இல்லாத ஊருக்கு ஆள் கூப்பிடும் தூதரைக் கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதுதான் பி.ஆர்.பி.யின் தர்க்கம். கேட்க நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் தூதர் கூப்பிட்டால் வர அங்கே ஆள் வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் 288 பேரைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி., மறுபாதிக்கு வெறும் உப்புநீர் என்று வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது. 2021இல் முடிவு வெளியானது. ஓராண்டு கழித்து பத்துக்கு அளந்த வலி, பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. குருத்தெலும்பின் கன அளவு இரு பக்கமும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. வளரவில்லை, குறைவதும் நிற்கவில்லை.

இதோடு பி.ஆர்.பி. வேலைக்காகாது என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. அந்தச் சோதனையில் தட்டணுக்களின் அளவு போதாது என்று சொல்பவர்கள் உண்டு; ஜெல் ஊசியைவிட ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு வலியை நன்றாகக் குறைத்தது என்று காட்டிய சிறிய சோதனைகளும் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு மாதிரி தயாரிப்பதால் ஒப்பிடுவதே கஷ்டம். சாம்பார் நன்றாக இருக்குமா என்று கேட்பது போலத்தான். யார் வீட்டுச் சாம்பார்? அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி முட்டித் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. அங்கேயே எலும்பு மருத்துவர்களின் 2021 வழிகாட்டி, வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் ஆதாரம் வலுவில்லை என்றது. ஆரம்ப, நடுக்கட்டத் தேய்மானத்தில் சிலருக்கு வலி குறைகிறது என்பது வரைதான் நேர்மையாகச் சொல்லலாம் என்பது என் கணிப்பு. அழற்சி தணிவதால் வலி தணிகிறது போலும். குரைத்த நாய் அமைதியாகிறது. உடைந்த வேலி அப்படியேதான் இருக்கிறது.

ஸ்டெம் செல்: விதை நெல்லா?

ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறும் திறனுள்ள மூலச் செல். விளம்பரங்கள் இதை விதை நெல் மாதிரி காட்டுகின்றன: முட்டியில் விதைத்தால் குருத்தெலும்பாக முளைக்கும். ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில், சரியான சூழலில் குருத்தெலும்புச் செல்லாக மாற்ற முடிகிறது; அது உண்மை. முட்டிக்குள் நடப்பது வேறு. ஊசியில் போன செல்களில் பெரும்பாலானவை அதிக காலம் தங்குவதில்லை. இருக்கும் வரை அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகளை விடுகின்றன. இந்தச் செல்களுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று 1991இல் பெயர் சூட்டியவர் ஆர்னால்டு காப்லன். அவரே 2017இல், நான் வைத்த பெயர் ஆட்களைத் தவறாக வழிநடத்துகிறது, ஸ்டெம் செல் என்பதை எடுத்துவிட்டு 'மருத்துவச் சமிக்ஞைச் செல்' என்று மாற்றுங்கள் என்று எழுதினார். பெயர் வைத்த தகப்பனே மாற்றச் சொல்லியும் விளம்பரப் பலகைகள் மாறவில்லை.

இன்னொரு விஷயம். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் செறிவாக்கி அன்றைக்கே போடுவதையும் 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்றே அழைக்கிறார்கள். மஜ்ஜைச் செல்களில் மேலே சொன்ன வகை பத்தாயிரத்தில் ஒன்று. சில சமயம் லட்சத்தில் ஒன்று.

2023இல் அமெரிக்காவில் வெளியான சோதனையில் ஏறத்தாழ 480 பேர். மஜ்ஜைச் செறிவு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்கள், தொப்புள்கொடித் திசுவின் செல்கள் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் நான்கு பிரிவினருக்கும் வலி குறைந்தது. மூன்றில் எதுவும் அந்த மலிவான ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

இந்திய நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டிப்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் ஆய்வுச் சோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வு என்றால் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பிறகு 2022இல் ஒரு விதிவிலக்கு வந்தது: கொடையாளர் மஜ்ஜையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களைக் கொண்ட, பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புக்கு முட்டித் தேய்மானத்தில் பயன்படுத்த மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி கிடைத்தது. அதன் சோதனையில் கிரேடு 2, 3 (லேசான, நடுத்தரத் தேய்மானம்) நோயாளிகளுக்கு வலி குறைந்ததாகவும், குருத்தெலும்பின் தரம் மேலும் கெடாமல் நின்றதாகவும் அறிக்கை. நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள், அதுவும் 'கெடாமல் நின்றது', 'வளர்ந்தது' அல்ல. ஒரு தயாரிப்புக்குக் கிடைத்த அனுமதி, தெருமுனைக் கிளினிக்கில் போடும் எல்லா 'ஸ்டெம் செல்' ஊசிக்கும் கிடைத்த அனுமதியும் அல்ல.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாகிவிட்டதே?

இதைக் கேட்காதவர் இல்லை. முட்டி வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கடல் அலை போல ஏறும், இறங்கும். நாம் ஊசிக்குப் போவது அலை உச்சியில் இருக்கும்போது. அடுத்து அது இறங்கத்தான் போகிறது. கூடவே, பெரிய செலவு, பெரிய மருத்துவர், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து மூளை வலியை வாசிக்கும் விதத்தையே மாற்றுகின்றன. இதைப் போலி மருந்து விளைவு என்பார்கள். பொய் வலி என்று அர்த்தமல்ல, நிவாரணம் நிஜம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்து 2002இல் வெளியானது. சிலருக்கு முட்டியைத் துளைத்து உள்ளே சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. அறுவை சிகிச்சைக்கே இந்தக் கதி என்றால் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எதுதான் உதவும்

வழிகாட்டிகள் தங்களுக்குள் சண்டை போடாமல் ஒத்துப்போகும் இடம் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். 454 பேரை வைத்து 18 மாதங்கள் நடந்து 2013இல் வெளியான சோதனையில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயிற்சி மட்டுமே தரும் நிவாரணமும் வலி மாத்திரைக்குக் குறைந்ததல்ல. மேலே தடவும் வலிநிவாரணி ஜெல்லுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. 'ஜவ்வுக்கு நல்லது' என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு இல்லை. மாதாமாதம் வாங்குபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் முதலில் சொல்லித்தருவது நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, சுவரோரமாக. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னே சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது 'பொத்'தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். அந்த இறக்கமும் தசையைப் பலப்படுத்தும். முடியவில்லையா, ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

சம்மணம் போடலாமா என்று கேட்பார்கள். வலிக்காதவர் தாராளமாகப் போடலாம். வலிப்பவர் வலி அடங்கும் வரை நாற்காலி.

டீச்சருக்கு ஊசி போடு என்றும் நான் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அந்த மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னேன். எனக்குக் கெட்டிருப்பது எந்த ஜவ்வு, எந்த கிரேடு? இந்த ஊசியால் வலி குறையுமா, குருத்தெலும்பு வளருமா, எதைச் சொல்கிறீர்கள்? ஊசி போடாமல் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் எதையாவது இழந்துவிடுவேனா? ஒரு தாளில் எழுதி, பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மதிப்பெண் போட இடம் விட்டு எடுத்துப்போனார்.

அடுத்த வாரம் வந்தார். "கிரேடு ரெண்டுதானாம். 'வளரும்னு நான் சொல்லலைம்மா, அது விளம்பரத்துல போட்டது, வலி குறைய வாய்ப்பு இருக்கு'ன்னாரு. மூணு மாசம் பொறுத்தா ஒண்ணும் கெட்டுப்போகாதாம்." மருத்துவருக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். ஏழாவது முறை எழும்போது நின்று மூச்சு வாங்கினார்.

"வலிக்குது தம்பி. ஆனா முந்தாநேத்து அஞ்சுதான் முடிஞ்சுது" என்றார், எட்டாவதுக்கு உட்கார்ந்தார்.